ஈடுசெய்யப்பட்ட இழப்பு

மருந்தை வெல்லும் தீநுண்மி அதற்கு விலையாகத் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்தே தீரும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் நெடுநாள் நிலவியது. இன்ஃபுளூவென்சாவைப் பொறுத்தவரை அதற்குச் சான்றும் இருந்தது. ஓசெல்டாமிவிர் மருந்துக்கு மசியாத எச்1என்1 தீநுண்மிகள் ஆய்வுக்கூட எலிகளிலும் ஃபெரட் விலங்குகளிலும் மந்தமாகவே பெருகின. எதிர்ப்புத் திரிபு தோன்றினாலும் நோயாளியின் உடலோடு அது அடங்கிவிடும், ஊருக்குள் பரவாது என்று வல்லுநர்கள் கருதினர். அந்நாளில்தான் பல அரசுகள் பெருந்தொற்றை எதிர்கொள்ள இம்மருந்தைப் பெருமளவில் இருப்பு வைத்தன.

2008 ஜனவரியில் நார்வேயிலிருந்து வந்த செய்தி அந்நம்பிக்கையைக் குலைத்தது. அக்குளிர்காலத்தில் அங்கு ஆராயப்பட்ட எச்1என்1 மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்படவில்லை. நார்வே அம்மருந்தை மிக அரிதாகவே பயன்படுத்திய நாடு. உலகிலேயே மிகுதியாகப் பயன்படுத்திய ஜப்பானிலோ அப்பருவத்தில் எதிர்ப்புத் திரிபுகள் மிகச் சிலவே. மருந்தின் நெருக்குதல் இல்லாத இடத்திலும் எதிர்ப்புத் திரிபு தானே தழைத்தது என்பதுதான் இதன் பொருள். அடுத்த ஓராண்டுக்குள் உலகெங்கும் சுற்றிய பருவகால எச்1என்1 தீநுண்மி அனேகமாக முழுவதும் எதிர்ப்புத் திரிபாகவே மாறிவிட்டது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? உயிரணுவில் பெருகிய புதிய தீநுண்மிகள் வெளியேற வேண்டுமானால், அவற்றைப் பிணைத்திருக்கும் கட்டை நியூராமினிடேஸ் என்னும் நொதி கத்தரிபோல் வெட்டிவிட வேண்டும். ஓசெல்டாமிவிர் அந்தக் கத்தரியின் வாயை அடைக்கிறது. நொதியின் 275-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் அமர்ந்தால் மருந்து அங்கே சரிவரப் பொருந்தாது. ஆனால் இத்திரிபால் உயிரணுவின் மேற்பரப்பை வந்தடையும் நொதியின் அளவும் குறைகிறது. பழைய ஆய்வுகள் கண்ட நலிவு இதுவே. ஜெஸ்ஸி புளூம், லிஜி இயன் காங், டேவிட் பால்டிமோர் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு எஞ்சிய புதிரை அவிழ்த்தது. அதே நொதியில் 222, 234 ஆகிய இடங்களில் நேர்ந்த வேறு மாற்றங்கள் அந்தக் குறையை ஈடுசெய்தன. அம்மாற்றங்கள் தம்மளவில் மருந்தெதிர்ப்பைத் தருவன அல்ல. எதிர்ப்புத் திரிபு வேரூன்ற நிலத்தைப் பண்படுத்தி வைத்தவை. அவை நேர்ந்தபோது அவற்றின் பொருள் எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர் நம்மைக் காத்தது திட்டமிடல் அன்று. 2009-இன் பெருந்தொற்று எச்1என்1 பழைய பருவகால எச்1என்1-ஐ அடியோடு அப்புறப்படுத்தியது. புதியது மருந்துக்குப் பணிவதாக இருந்தது. அதிலும் 2011-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் வட்டாரத்தில் அதே 275-ஆம் இடத் திரிபு மக்களிடையே பரவியது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் அம்மருந்தை உட்கொள்ளாதவர்கள். 2013–14 குளிர்காலத்தில் ஜப்பானின் சப்போரோவிலும் அது தலைகாட்டியது. அவ்விரு பரவல்களும் ஓய்ந்தது நமது நற்பேறு.

இது முதல் எச்சரிக்கையும் அன்று. இன்ஃபுளூவென்சாவுக்கு முன்பு தரப்பட்ட அமண்டடின் வகை மருந்துகளை வென்ற திரிபு, குறிப்பிடத்தக்க நலிவு எதுவுமின்றி, சில ஆண்டுகளிலேயே எச்3என்2 என்னும் மற்றோர் இன்ஃபுளூவென்சா தீநுண்மியை ஆட்கொண்டது. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அம்மருந்துகளைக் கைவிடச் சொல்ல நேர்ந்தது. 2018-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற பலாக்சவிர் மருந்தின் சோதனைகளிலும், சிகிச்சை பெற்ற வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரிடமும், குழந்தைகளில் இன்னும் கூடுதலானோரிடமும் எதிர்ப்புத் திரிபு முளைத்தது. அது இன்னும் பரவலாக வேரூன்றவில்லை என்பதைப் பாதுகாப்பின் உறுதியாகக் கொள்வது, 2008-க்கு முன் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.

ஆகவே மருந்து உட்கொண்ட நோயாளிகளை மட்டும் ஆராய்வது போதாது. மருந்தே தொடாதவர்களின் மாதிரிகளும் ஆண்டு முழுவதும் மரபணு வரிசைப்படுத்தப்பட வேண்டும். எதிர்ப்பைத் தரும் ஓரிடத்தோடு நில்லாமல் அதற்கு ஈடுகட்டும் துணை மாற்றங்களையும் கண்காணிக்க வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடம் தீநுண்மி வாரக்கணக்கில் தங்கிப் பெருகுவதால், அவர்களுக்கு வெவ்வேறு வழியில் தாக்கும் இரு மருந்துகளைச் சேர்த்தளிப்பது பற்றிய ஆய்வுகளை விரைவுபடுத்த வேண்டும். அரசுகள் மருந்துக் கிடங்குகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இந்தப் பணிகளுக்கு, பெருந்தொற்று இல்லாத ஆண்டுகளிலும் இடைவிடாமல், ஒதுக்க வேண்டும்.