கணக்கு வரவில்லையா? பெட்டியைக் கையில் கொடுங்கள்!

சகோதரிகளே, கனச்சதுரத்துக்கு முகம் 6, விளிம்பு 12, முனை 8 என்று உங்கள் ஏழாம் வகுப்புப் பெண் மளமளவென்று ஒப்பிக்கிறாளா? சந்தோஷம். ஆனால் முப்பரிமாண வடிவங்கள் அவளுக்குப் புரிந்துவிட்டன என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். புரிந்ததா இல்லையா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மூன்று சோதனை சொல்கிறேன். காசு செலவில்லை.

முதலாவது, பைச் சோதனை. துணிப்பையில் ஒரு தீப்பெட்டி, ஒரு பகடை, ஒரு டார்ச் செல் போடுங்கள். பார்க்காமல் கையை விட்டு, பொருளின் பேரைச் சொல்லாமல், அது எப்படி இருக்கிறது என்று சொல்லட்டும். "பெட்டி மாதிரி இருக்கும்மா" என்றால் தோற்றத்தோடு நிற்கிறாள். "ஆறு முகம், எதிரெதிர் முகம் ஒரே அளவு" என்றால் குணம் தெரிகிறது. "பகடையும் ஒரு வகைக் கனச்செவ்வகம்தான், எல்லா விளிம்பும் சமமா இருக்கு, அவ்வளவுதான்" என்றால் தட்டிக்கொடுங்கள். அது அடுத்த படி.

இந்தப் படிகளை நான் கற்பனை செய்யவில்லை. நெதர்லாந்தில் டீனா வான் ஹீலே, பியரி வான் ஹீலே என்று ஆசிரியத் தம்பதி இருந்தார்கள். இருவரும் 1957-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்கள். வடிவியல் அறிவு படிப்படியாகத்தான் ஏறுகிறது, ஏறுவதற்கு வயதைவிடக் கற்பிக்கும் விதமே முக்கியம் என்றார்கள். தாய்மார்களுக்கு எவ்வளவு தெம்பான செய்தி, பாருங்கள்!

இரண்டாவது, பெட்டிச் சோதனை. பற்பசை வந்த அட்டைப் பெட்டியைக் காட்டி, "இதைப் பிரிச்சா எப்படி இருக்கும்? வரை" என்று கேளுங்கள். பிறகு பிரித்து, ஒட்டுவதற்கு விட்ட மடிப்புகளைக் கத்தரித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடுத்து, கட்டம் போட்ட தாளில் ஆறு சதுரங்களைச் சேர்த்து வரைந்து, மடித்தால் கனச்சதுரம் ஆகிற வலைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் 35 வடிவம் வரும். அதில் 11 மட்டும்தான் மடியும். நான்கைந்து கண்டுபிடித்தாலே சபாஷ்! ஆறையும் ஒரே வரிசையில் வரைந்து, "இதுவும் மடியும்" என்றால், திட்டாமல் கத்தரிக்கோலைக் கையில் கொடுங்கள்.

மூன்றாவது, பர்பிச் சோதனை. ஒரே அளவுக் கட்டிகளாக வெட்டிய தேங்காய் பர்பியை நீளத்தில் 4, அகலத்தில் 3, உயரத்தில் 2 அடுக்காக இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். கலைக்காமல் எத்தனை துண்டு என்று கேளுங்கள். விடை 24. யாராவது 26 என்றால், கண்ணுக்குத் தெரிகிற மேல்புறம் 12, முன்புறம் 8, பக்கவாட்டில் 6 என்று சதுரங்களை எண்ணியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். "52" என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்குக் கணக்கே ஏறாதுக்கா. பதினொண்ணாவதுல கணக்கு இல்லாத குரூப்தான்னு இவ அப்பாகிட்டே சொல்லிட்டேன்" என்றார். ஆனால் 52 எப்படி வந்தது? தெரிகிற 26-ஐப் போலவே அடியிலும் பின்னாலும் மறைந்திருக்கிறது என்று இரட்டித்திருக்கிறாள்! கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை மனசில் பார்க்கிற பெண் மக்கா? வெளிச்சுற்றை எண்ணினாளே தவிர, உள்ளே அடுக்கு அடுக்காக இருப்பதை எண்ணவில்லை. "மேல் அடுக்கை மட்டும் தூக்கி வைம்மா" என்றேன். "பன்னிரண்டு... கீழேயும் பன்னிரண்டு. இருபத்துநாலு, பெரியம்மா!" என்றாள்.

ஆகவே சகோதரிகளே, விடை தப்பானால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று நிதானமாகக் கேளுங்கள். எங்கே வழி தவறினாள் என்பது அந்தத் தப்பு விடையிலேயே இருக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். பையன்களுக்கும் இதே சோதனைதான். "உனக்குக் கணக்கு வராது" என்ற சொல்லை மட்டும் வாயில் வரவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் அம்மா சொன்னதைப் பிள்ளை பிளஸ் டூ வரை நம்பிக்கொண்டிருக்கும்.