அடிமாட்டு விலை: நடுவில் கொழிப்பது யார்?

“அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான்” என்று கடைவீதியில் சொல்கிறோம். நிஜமாகவே அடிமாடு அவ்வளவு மட்டமான விலைக்குத்தான் போகிறதா? விற்கிறவருக்கு ஆமாம். வாங்கிக் கைமாற்றும் ஆசாமிக்கு இல்லவே இல்லை!

பால் வற்றிய மாடு, சினை பிடிக்காத மாடு, மடிநோயில் காம்பு போன மாடு, இவைதான் சரக்கு. பால் தராவிட்டாலும் தீனி கேட்கும். தவிட்டு மூட்டை விலை தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இன்னும் ஒரு மாசம் வைத்திருந்தால் கையைக் கடிக்கும் என்றுதான் விவசாயி கயிற்றை அவிழ்க்கிறார். இந்த அவசரம் தரகருக்கு நன்றாகத் தெரியும்.

“இது தேறாதுங்க, லாரி வாடகைக்கே காணாதுங்க” என்று பேச்சு ஆரம்பிக்கும். பிறகு துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து பேரம். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. தராசு கிடையாது, எல்லாம் கண் மதிப்பு. 350 கிலோ மாட்டை 320 என்று சொன்னால் போதும், எலும்போடு 13 கிலோ கறி சும்மா கிடைத்த மாதிரி!

பொள்ளாச்சி சந்தை செவ்வாய், வியாழனில் கூடுகிறது. அங்கிருந்து கேரளா பக்கம்தான் போக்குவரத்து அதிகம். காரணம் சட்டம். தமிழ்நாட்டில் 1958 சட்டப்படி 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு என்று சான்று இருந்தால்தான் வெட்டலாம். பசு, கிடேரியை வெட்டவே கூடாது என்று 1976-ல் அரசாணை வந்தது. எனவே கிழப்பசுவுக்கு உள்ளூரில் நேர் வழி இல்லை. எல்லை தாண்டணும். வழியில் மறிப்பு, வழக்கு என்று பயம். அந்தப் பயத்துக்கும் சேர்த்து விவசாயியின் விலையில்தான் கழிக்கிறார்கள்.

2017 மே 23-ல் மத்திய அரசு, வெட்டுவதற்காக மாடுகளைச் சந்தையில் விற்கக் கூடாது என்று விதி போட்டது. ஒரே வாரத்தில், மே 30-ல் ஐகோர்ட் மதுரை கிளை தடை விதித்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. இடையில் சந்தை படுத்துவிட்டது. அடி வாங்கியது மாடு வைத்திருந்தவன்.

லாரி சமாசாரம் தனி. விதிப்படி ஒரு லாரியில் 6 மாடு. 18 ஏற்றினால் தலைக்கு வாடகை மூன்றில் ஒரு பங்கு! கால் முறிந்து, மூச்சு முட்டி மாடுகள் இறங்குவது இந்தக் கணக்கினால்தான். போலீஸ் பிடித்தால் மாட்டுவது டிரைவர். சரக்குக்காரர் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்க மாட்டார்.

இன்னொரு கில்லாடி வேலையும் உண்டு. அடிமாடாக வாங்கியதைக் கறவை மாடாக விற்பது! ஒருநாள் கறக்காமல் விட்டால் மடி புடைத்து நிற்கும். கொம்பைச் சீவி எண்ணெய் தடவினால் கிழடு குமரியாகிவிடும். லோன் போட்டு முதல் மாடு வாங்க வருகிற ஏழைதான் இதில் சிக்குவது.

வாங்கப் போகிறவர்கள் முன்தினம் மாலையே போய், மாலையும் மறுநாள் காலையும் இரண்டு வேளை கறவையைக் கண்ணால் பாருங்கள். நாலு காம்பிலும் பால் வருதா என்று நீங்களே பீச்சிப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்க்க விடாதவரிடம் பணத்தை எடுக்காதீர்கள்.