குடிபெயரும் தேனீக்கள்

மாசி மாதத்தில் கூமாப்பட்டித் தோப்புகளில் ஒரு காட்சியைக் காணலாம். மாமரத்தின் தாழ்ந்த கிளையில் பலாக்காய் அளவிலே கருங்கொத்து ஒன்று தொங்கும். நெருங்கினால் அத்தனையும் தேனீக்கள்! சிறுவர் கல்லெடுப்பர், பெரியவர் பந்தத்திற்கு மண்ணெண்ணெய் தேடுவர். நாமும் சிறுவயதில் அப்பந்தத்தின் பின்னே ஆரவாரித்து ஓடியவர்களே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அக்கொத்து படையெடுத்து வந்ததன்று. வீடு தேடி நிற்கும் குடும்பம். பூ மிகுந்த நாளில் கூட்டில் இடம் போதாமற் போகவே, தேனீக்கள் புதிய ராணிக்கென அறைகள் கட்டுகின்றன. அவை மூடப்பட்டதும் பழைய ராணி, பணித் தேனீக்களில் ஏறக்குறையப் பாதியை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறது. தேன் நிறைந்த வீடு மகளுக்கு. வெறும் மரக்கிளை தாய்க்கு. (நம் வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கும் விதம் வேறு என்பதை வாசகர் அறிவர்.) புறப்படுமுன் வயிறாரத் தேனுண்டிருப்பதாலும், காப்பதற்குக் குஞ்சும் அடையும் அங்கில்லாமையாலும் அவை எளிதில் கொட்டுவதில்லை. வேவு பார்க்கும் தேனீக்கள் மரப்பொந்து ஒன்றைக் கண்டு வந்து நடனத்தால் அறிவித்தவுடன், சில மணியிலோ ஓரிரு நாளிலோ கொத்து தானே அகன்றுவிடும்.

இது பொந்தில் வாழும் அடுக்குத் தேனீயின் செய்தி. ஆலயக் கோபுரங்களில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ வேறு, அதனிடம் நெருங்கலாகாது.

2025-இல் ஒரு சிறு காணொளியால் தமிழகமெங்கும் பேசப்பட்ட கூமாப்பட்டி, மேற்குமலை அடிவாரத்தில் பிளவக்கல் அணையின் பக்கத்தில் உள்ளது. தேனீக்கு இது வளமான ஊர். தையிலும் மாசியிலும் மா பூக்கிறது, பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும், பின்னர்ப் புளி. ஆண்டு முழுதும் கைகொடுப்பது தென்னை. கைம்மாறும் உண்டு. நெட்டைத் தென்னையில், ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்த பின்னரே அதன் பெண் பூக்கள் பக்குவமடைகின்றன. ஆகவே வேறு பாளையின் மகரந்தம் வந்தாக வேண்டும். அதைச் சுமந்து வருவோருள் தேனீயும் ஒன்று. அவ்வாறிருக்க, மா பூத்துக் குலுங்கும் வேளையில் பட்டப்பகலில் மருந்தடிப்பவரை என்னென்பது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை மாறுகிறது. மழை ஓயாவிடில் தேனீ வெளிச்செல்ல இயலாது. பூவின் தேனும் கரைந்துபோகும். அப்போது கூட்டைத் திறந்து பார்த்து, அடையில் முட்டையோ புழுவோ இல்லாமல் எல்லாத் தேனீக்களும் போய்விட்டிருந்தால், அது குடும்பம் பிரிந்ததன்று. பசியாலோ, எறும்பாலோ, மெழுகுப் பூச்சியாலோ ஓடிப்போனது. சர்க்கரையும் நீரும் சம அளவு கலந்த பாகைச் சிறு கிண்ணத்தில் வைத்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

1911 முதல் 1917 வரை தென்னாட்டுச் சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தவர் நியூட்டன் என்னும் குருவானவர். நம் நாட்டுத் தேனீக்கேற்ப அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில், புழுக்களைக் கொல்லும் 'தாய்லாந்துப் பை நோய்' அப்பெட்டிகளைப் பெருமளவில் காலியாக்கிற்று. நோய்க்குத் தப்பிய குடும்பங்களிலிருந்தே இனம் மீண்டும் பெருகியது. மரக்கிளையில் நாம் கொளுத்தும் கொத்து அத்தகைய வலிய குடும்பமாக இருக்கலாம் அல்லவா?

பாஸ்கா இரவில் புதுத்திரியை ஏற்றி, அதன் மெழுகைத் தந்த தேனீக்களைத் திருச்சபை புகழ்ந்து பாடுகிறது. அப்பொழுது இங்கே வேம்பு பூத்திருக்கும். குடும்பங்கள் பிரியும் பருவமும் முற்றாக முடிந்திராது. இவ்வாண்டு உங்கள் தோப்பில் கொத்து தொங்கக் கண்டால் பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, ஊரில் தேனீ வளர்ப்பவருக்கு ஆளனுப்புங்கள். அவர் அந்தி சாய்ந்ததும் பழைய மெழுகு தடவிய பெட்டியைக் கொத்தின்கீழ்ப் பிடித்துக் கிளையை ஒருமுறை உதறுவார். ராணி உள்ளே விழுந்துவிட்டால், மற்றவை தாமே அதன்பின் வந்து சேரும்.