நாலணா உறுப்பினருக்கு ஓட்டு எங்கே?

எங்கள் வடகரப்பதியில் சுவரெழுத்துக்கும் பூத்தில் உட்காரவும் கட்சிகளுக்குச் சாதாரண உறுப்பினர் வேண்டும். வேட்பாளரை முடிவு செய்யும் கூட்டத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பு வராது. நானும் அப்படியொரு உறுப்பினன்தான். கட்சிப் பெயர் எதற்கு? எல்லா இடத்திலும் இதே கதைதான்.

அந்நாளில் காங்கிரஸ் சந்தா நாலணா; 'நாலணா மெம்பர்' என்ற பேச்சே அதனால் வந்தது. 2022 அக்டோபர் 17-இல் அக்கட்சித் தலைவர் பதவிக்குப் பாலக்காட்டுக் குடும்பத்தவரான சசி தரூர் போட்டியிட்டார். ஆனால் ஓட்டு, மாநிலக் கமிட்டிப் பிரதிநிதிகளுக்கு மட்டுமே. கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. விரும்பியவர் பெயருக்கு நேரே '1' என்று எழுதுவதுதான் முதலில் விதி. கார்கேயின் வரிசை எண்ணே ஒன்று! தரூர் தரப்பு ஆட்சேபித்த பிறகு டிக் குறியாக மாற்றினார்கள்.

அதே ஆண்டு பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியின் சந்தா கட்டிய உறுப்பினர்களே ஓட்டளித்தார்கள். லிஸ் டிரஸ் 81,326, ரிஷி சுனக் 60,399. வென்ற அம்மையார் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று மாதமாவது உறுப்பினராக இருந்தவருக்கே ஓட்டு என்ற விதி அங்கே உண்டு.

இங்கே அதை ஓராண்டு ஆக்கலாம். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் ஜீப்பில் ஆள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வார்டு வேட்பாளரை உறுப்பினர்கள் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கட்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டட்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் எழுதுங்கள்.