நாலு கரண்டி போதும்!

"போதும்" என்பது சின்னச் சொல். ஆனால், அதைச் சொல்லத்தான் பலருக்கு மனம் வருவது இல்லை.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1703-ல் பிறந்தவர். மெதடிஸ்ட் சபை தோன்றக் காரணமாக இருந்தவர்.

வாலிப வயதில் அவர் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்தார். ஒரு நாள் கடும் குளிர். அவரைத் தேடி ஓர் ஏழைப் பெண் வந்தாள். அவரும் நண்பர்களும் படிக்க வைத்த பெண் அவள். உடம்பில் மெல்லிய உடை ஒன்றுதான் இருந்தது. வேறு உடை இல்லையா என்று வெஸ்லி கேட்டார். இல்லை என்றாள்.

உதவி செய்ய எண்ணிச் சட்டைப் பையில் கையை விட்டார். பணம் அநேகமாகத் தீர்ந்து போயிருந்தது. அறையின் சுவரை அழகுபடுத்தப் படங்கள் வாங்கியிருந்தார். பணம் அதற்குப் போய்விட்டது.

அவருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணின் குளிரைப் போக்க வேண்டிய பணம் அல்லவா சுவரில் தொங்குகிறது? கடவுள் இதை மெச்சுவாரா? இப்படி நினைத்து வருந்தினார்.

மாறாத 28

பிற்காலத்தில் வெஸ்லி, ஆக்ஸ்போர்டு நண்பர்களில் ஒருவருடைய வரவு-செலவு பற்றிப் பிரசங்கத்தில் சொன்னார். அந்த "ஒருவர்" வெஸ்லியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். கணக்கு இதுதான்:

முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. அவர் 28 பவுண்டில் வாழ்ந்தார். மிச்சம் 2 பவுண்டு தானம். மறு ஆண்டு வருமானம் 60. செலவு அதே 28. தானம் 32. மூன்றாம் ஆண்டு 90. தானம் 62. நான்காம் ஆண்டு 120. அப்போதும் செலவு 28தான். தானம் 92!

வருமானம் 4 மடங்கு ஆயிற்று. செலவு ஒரு பவுண்டுகூட ஏறவில்லை.

1776-ல் வரி அதிகாரிகள், வீட்டில் உள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டார்கள். வெஸ்லி காட்டிய கணக்கு: லண்டனில் 2 வெள்ளிக் கரண்டி, பிரிஸ்டலில் 2 வெள்ளிக் கரண்டி. அவ்வளவுதான்! சுற்றிலும் பலர் ரொட்டிக்கு வழி இல்லாமல் இருக்கும்போது இதற்கு மேல் வாங்க மாட்டேன் என்றும் எழுதினார்.

பெரிய களஞ்சியம்

ஏசுநாதர் ஒரு பணக்காரன் கதையைச் சொன்னார். அவன் நிலம் அமோகமாக விளைந்தது. தானியம் வைக்க இடம் போதவில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்றான். அன்று இரவே அவன் உயிர் பிரிந்தது.

நிலம் விளைந்தது குற்றம் அல்ல. யாருக்குக் கொடுக்கலாம் என்று அவன் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அதுதான் குற்றம்.

இன்று நம் கையில் இருக்கும் செல்போனே கடையாகிவிட்டது. இது வேண்டும், அது வேண்டும் என்று விளம்பரம் ஆசை காட்டுகிறது. பணம் இல்லையா? தவணையில் வாங்கு என்கிறது. நேற்றுவரை ஆசையாக இருந்தது, இன்று அவசியம் ஆகிவிடுகிறது. சம்பளம் ஒரு படி ஏறினால், தவணை இரண்டு படி ஏறுகிறது.

பொருள் வாங்குவது பாவம் அல்ல. வெஸ்லியும் நேர்மையாகச் சம்பாதியுங்கள், சேமியுங்கள் என்றுதான் சொன்னார். ஆனால், கொடுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லை இல்லாமல் வாங்குவதுதான் பேராசை. அந்த எல்லையைக் கடைக்காரர் போட மாட்டார். நாம்தான் போட வேண்டும்.

பணம் கைக்கு வந்த பிறகு எல்லை போடுவது கடினம். ஆகவே, அடுத்த சம்பள உயர்வு வருவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். நமக்கு எவ்வளவு போதும் என்று கணக்கு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளும் பார்க்கட்டும்.

வெஸ்லி 1791-ல் காலமானார். தன் உடலை ஏழைகள் 6 பேர் சுமந்து செல்ல வேண்டும், அவர்களுக்கு 6 பவுண்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில், கஷ்டம் என்று ஒருவர் வந்து நிற்கலாம். அப்போது உங்கள் பணம் பையில் இருக்குமா? சுவரில் தொங்குமா?