உறை போட்டால் தூசி நிற்காது

நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் மஞ்சள் வரத்து தொடங்கிவிட்டால் பாலிஷ் போடும் டிரம்களுக்கு ஓய்வில்லை. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளின் தோலும் வேர்த்தும்பும் உரசி உதிர்ந்து தூளாகக் காற்றில் ஏறும். அந்தக் கூரைக்கடியிலேயே எடை குறிக்கவும் பில் அடிக்கவும் ஒரு கணினியை வைத்துவிட்டு, அதைக் காப்பாற்ற ஒரு பிளாஸ்டிக் உறையையோ பழைய துண்டையோ போர்த்துவது பொதுவான வழக்கம். சேகோ ஆலையில் மூட்டை பிடிக்கும் இடத்திலும், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலும் தூளின் நிறம்தான் வேறு. ஓடும் கணினிக்கு இந்தப் போர்வை பாதுகாப்பே அல்ல. தூசியைத் தடுப்பது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதுதான்.

கணினிப் பெட்டிக்குள் இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கொட்டகைக் காற்றை இழுத்தால் கொட்டகைத் தூளும் கூடவே வரும். மஞ்சள் தூளும் மரவள்ளி மாவும் ஈரத்தை உறிஞ்சி, சூடு தணிக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். பட்டறையில் கிரைண்டர் கிளப்பும் இரும்புத் துகள் இன்னும் மோசம். அது மின்சாரத்தைக் கடத்தும், போர்டில் தவறான இடத்தில் உட்கார்ந்தால் ஷார்ட்தான். இதற்குப் பயந்து உறை போட்டால் காற்று நின்று சூடு ஏறுகிறது. மின்தேக்கிகளின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக்கணக்கு. அணைத்த பிறகு, சூடு ஆறியதும் உறை போடுவதில் தவறில்லை.

வாரம் ஒருமுறை கம்ப்ரஸர் வைத்து ஊதிவிட்டால் போதாதா என்பார்கள். கம்ப்ரஸர் தொட்டியில் தங்கும் தண்ணீரும் எண்ணெயும் அந்தக் காற்றோடு சேர்ந்து போர்டில் தெறிக்கும். ஊதிய தூள் ஊதுகிறவர் மூக்குக்குள் போகும். ஏசி அறை கட்டினால் சரியாகிவிடும் என்பதும் அரைகுறைத் தீர்வே. ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிவிடுகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தூள் உள்ளே வரும். அறுவைசிகிச்சை அரங்குகளில் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைக்கிறார்கள். இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே தவிர உள்ளே வராது. ஒரு விசிறி, அதன் முன்னால் அடிக்கடி கழுவி மாற்றக்கூடிய ஒரு வடிகட்டி, காற்று கொட்டகைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி ஒரு துளை: சின்ன அலுவலக அறைக்கு இவ்வளவு போதும்.

‘இதற்கெல்லாம் காசு எங்கே’ என்ற கேள்வி நியாயமானது. தூசி புகாத தொழிற்சாலைக் கணினி விலை அதிகம்தான். ஆனால் அதை வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணப் பெட்டியைச் சுவருக்கு அப்பால் வைத்துவிட்டு, திரையும் விசைப்பலகையும் மட்டும் கொட்டகைப் பக்கம் இருந்தால் செலவு கேபிளுக்கும் சுவரில் ஒரு துளைக்கும்தான். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டர் வரை சிக்கலின்றி வேலை செய்யும். பில் மட்டும் போடுகிறவர்களுக்கு விசிறியே இல்லாத சின்னக் கணினி இன்னும் நல்லது. காற்றை இழுக்காத பெட்டிக்குள் தூள் ஏறுவது குறைவு. செல்போன் கொட்டகையிலும் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாம் இரண்டாம் வேலை. முதல் செலவு டிரம்முக்கு மூடி போட்டு, குழாய் வைத்துத் தூளைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சுவதற்கு ஆக வேண்டும். நாள் முழுக்க அங்கே நிற்கும் ஆட்களின் நுரையீரலுக்கு வடிகட்டி மாற்ற முடியாது. ஸ்டார்ச், சர்க்கரை போன்ற தூள் காற்றில் அடர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கவும் செய்யும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் அப்படித்தான் 14 பேர் இறந்தார்கள். சேகோ ஆலைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது தூள் உறிஞ்சும் அமைப்பையும் பார்க்க வேண்டும் என்று கேட்பது அதனால் மிகையல்ல.