முதலைக்கும் முள் வேண்டும்

கேள்வி: முதலைக்குக்கூட எலும்பு நோய் வருமாமே? மீன் வெட்டி மிஞ்சும் தலை, முள்ளைக் கோழிக்குப் போடலாமா?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: வரும். வடநெம்மேலியில் 1976 முதல் இயங்கும் முதலைப் பண்ணைக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதலை மெல்லாது, விழுங்கும். ஆற்றில் மீனை முள்ளோடு விழுங்குவதால் சுண்ணாம்புச்சத்து கிடைத்துவிடுகிறது. அடைத்து வளர்க்கும் குட்டிக்கு எலும்பில்லாத கறியையே போட்டால் மணிச்சத்து மிஞ்சி, சுண்ணாம்பு குறையும். தாடை ரப்பர்போல் வளையும், முதுகு கூனும். கூனியது பிறகு நிமிராது. மூட்டு வீக்கம் வேறு நோய்; யூரிக் அமிலம் படிவதால் வருவது.

கோழிக்கும் இதே கணக்குதான். தலை, முள்ளை வேகவைத்து, காயவைத்து, இடித்துத் தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம். பச்சையாக வேண்டாம். முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். குஞ்சுக்கு அது கூடாது. சுண்ணாம்பு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.